தைலப் புட்டியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பதற்ற நோய்க்குத் தரும் நடத்தைச் சிகிச்சையெல்லாம் (பயத்தைப் படிப்படியாக நேருக்கு நேர் சந்திக்கப் பழக்குவது) பல்கலைக்கழக ஆராய்ச்சியில்தான் பலிக்கும், நம்ம ஊர் கிளினிக்கில் நடக்காது என்று போன ஞாயிறு ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கு நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பட்டர்வொர்த்காரன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலை, பினாங்குப் பாலத்தின் நடுவில் நெஞ்சு திக்குதிக்கென்று அடித்துக்கொண்டு கை மரத்துப்போனது. செத்தேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இருதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அதன்பிறகு பாலத்தை நினைத்தாலே வேர்க்கும். பஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டார். மச்சான் தாயத்துக் கட்டிவிட்டார்.

ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி அரசு கிளினிக்குக்குப் போனேன். ஆறு மாதம் மாத்திரையும் மூச்சுப் பயிற்சித் தாளும்தான். அப்புறம் வந்த உளவியல் அலுவலர், ஒரு மலாய்ப் பெண், என் சட்டைப் பையில் என்ன என்று கேட்டார். கோடாலித் தைலம். யார் காரில் பாலம் ஏறினாலும் அதை முகர்ந்தபடியேதான் போவேன். "அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்" என்றார். தைலம் கையில் இருக்கும்வரை, அதனால்தான் பிழைத்தேன் என்று மனம் நம்பிக்கொண்டே இருக்குமாம். பயம் ஏறி, தானே இறங்குவதை அது பார்க்கவே பார்க்காதாம்.

முதல் வாரம் பிறைக் கரையில் நின்று பாலத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். பிறகு தம்பி காரில் பக்கத்து சீட். பிறகு ஞாயிறு காலைகளில் நானே ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் பயம் 100க்கு எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். முதலில் 90 போட்டேன். பதினோராவது தடவை 30. 13.5 கிலோமீட்டரும் அன்றைக்குச் சும்மா ரோடாகத்தான் தெரிந்தது. இப்போது பழையபடி பஸ் ஓட்டுகிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். நான்காவது சந்திப்போடு அவரை மாற்றிவிட்டார்கள். அடுத்த தேதி இரண்டரை மாதம் கழித்து. அதற்குள் பாதி பயம் திரும்பிவிட்டது. அந்த நோட்டு இல்லாவிட்டால் முழுதும் திரும்பியிருக்கும்.

உளவியல் படிக்கும் என் மகள் சொன்னது: இந்தச் சிகிச்சை பற்றிச் சாதாரண கிளினிக்குகளில் நடந்த 56 ஆய்வுகளை 2009இல் அமெரிக்காவில் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் ஆராய்ச்சிக்கூட முடிவுகளுக்குப் பக்கத்திலேயே இருந்ததாம். இதே மாதிரிச் சிகிச்சை தர இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் குணமாகிறார்கள். இரண்டு சந்திப்பாவது வந்தவர்களை மட்டுமே அந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதையும் அவளே சொன்னாள். ஆக, எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூச்சுப் பயிற்சித் தாளை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு, சிகிச்சை பலிக்கவில்லை என்றால் எப்படி?

வாரம் ஒரு தேதியாக எட்டுப் பத்து சந்திப்பாவது ஒரே அலுவலரிடம் கிடைக்க வேண்டும். வீட்டுப்பாடத் தாளைத் தமிழிலும் அச்சடித்தால் நல்லது. நெஞ்சு படபடப்பதை 'பெர்டெபார்' என்று மலாயில் சொல்லிவிடலாம், சரி. 'நெஞ்சு அடைக்குது, ஆனா வலி இல்ல' என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு முழுச் சந்திப்பு போய்விட்டது.

இப்படிக்கு,
பஸ் ஓட்டுநர், பட்டர்வொர்த், பினாங்கு