சைட்டில் இல்லாத ஆர்க்கிடெக்ட்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டையடித்துக் காது குத்தியாயிற்று என்பதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே விசேஷமாக ஒன்றும் இல்லை. மழை மட்டும் நன்றாகப் பெய்கிறது.

உங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் 'ஃபவுண்டன்ஹெட்' பேசப்போவதாகவும், கதையை நீங்கள் பார்த்துக்கொள்வதாகவும், கட்டட விஷயம் எவ்வளவு தேறும் என்று நான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அந்த நாவலை எடுத்தாலே பலரும் 'சுயநலம் சரியா, தப்பா' என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கட்டட வழியாக உள்ளே போனால் அந்தக் கேள்விக்கே நல்ல பிடி கிடைக்கும்.

முதலில், நாவலை எழுதிய அயன் ராண்ட் வீட்டுப்பாடம் செய்துவிட்டுத்தான் எழுதினார். 1937இல் நியூயார்க்கில் ஈலி ஜாக் கான் என்ற ஆர்க்கிடெக்டின் அலுவலகத்தில் சம்பளம் வாங்காமல் டைப்பிஸ்ட்டாக வேலை பார்த்தார். எதற்காக வந்திருக்கிறார் என்பது கானுக்கு மட்டும் தெரியும். குறைந்த செலவில் குடியிருப்பு கட்டுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய சவால் என்று கான் சொன்னதிலிருந்துதான் கதையின் உச்சகட்டமே அவருக்குக் கிடைத்தது. பன்னிரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு 1943இல் பாப்ஸ்-மெரில் வெளியிட்டது. அங்கேயும் மேலிடம் வேண்டாம் என்றுதான் சொன்னது. ஆர்ச்சிபால்ட் ஆக்டன் என்ற எடிட்டர், இந்தப் புத்தகம் வேண்டாம் என்றால் நானும் உங்களுக்கு வேண்டாம் என்று தந்தி கொடுத்துத் தன் வேலையையே பணயம் வைத்தார். தனிமனிதனைப் போற்றும் நாவல், மாதச் சம்பளக்காரர் ஒருவரின் பிடிவாதத்தால் அச்சேறியது. இதை உங்கள் கூட்டத்தில் சொல், பேச்சு சூடு பிடிக்கும்.

ஆரம்பத்தில் கல்லூரி டீனிடம் கதாநாயகன் ரோர்க், ஆர்க்கிடெக்ட் ஆகப்போகிறவன், வாதாடும் இடம் இருக்கிறதே, ஏதென்ஸின் பழைய கோயிலான பார்த்தினான் தூண்களில் உள்ள செங்குத்து வரிப்பள்ளங்கள் மரத்தூணின் இணைப்பை மறைக்க வந்தவை, பளிங்கில் அவற்றுக்கு என்ன வேலை என்று கேட்பானே, அதில் பாதி சரி. கிரேக்கக் கோயில்கள் மரவேலையைக் கல்லில் பார்த்துச் செய்தவை என்பது பழைய ரோமானிய ஆர்க்கிடெக்ட் விட்ருவியஸ் காலத்திலிருந்தே சொல்லப்படுகிற கருத்துதான். ஆனால் பார்த்தினான் தூணும் ஒரே கல் இல்லை. உருளை உருளையாக அடுக்கியது. தூணை நிறுத்திய பிறகுதான் அந்த 20 பள்ளங்களையும் மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாகச் செதுக்கினார்கள். அதனால் பளிங்கிலும் இணைப்பு கண்ணில் படாமல் போவதற்கு அவை உதவத்தான் செய்கின்றன. அந்த டீனுக்கு இது தெரிந்திருந்தால் ரோர்க் கொஞ்சம் திணறியிருப்பான்.

மைக் என்ற எலக்ட்ரீஷியன் வரும் இடம் எனக்குப் பிடித்தது. இரும்பு பீம் குறுக்கே நிற்கிறது, ஒயர் போகும் கான்டுயிட் குழாயை அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு அவன் மல்லுக்கட்டுகிறான். ரோர்க் பீமில் ஓட்டை போட்டுக் குழாயை நேராக விடச் சொல்லி, டார்ச்சை வாங்கித் தானே அறுத்துக் காட்டுகிறான். நடைமுறையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஐ-வடிவ பீமில் மேலும் கீழும் உள்ள பட்டைகளில் கை வைக்கக்கூடாது, வளைவை அவைதான் தாங்குகின்றன. நடுத்தகட்டில், உயரத்தின் பாதிக்குப் பக்கமாக, சின்னதாகப் போடலாம். தாங்கிகளுக்கு அருகே பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் வெட்டுவிசை அதிகம், அங்கே கூடாது. ரோர்க்குக்குத் தெரிந்துதான் செய்தான் என்று வைத்துக்கொள்வோம், அவன் ஸ்ட்ரக்சுரல் படித்தவன். ஆனால் எங்கள் தொழிலில் டிசைன் செய்த இன்ஜினியரைக் கேட்காமல் பீமில் ஓட்டை போடுகிறவனுக்கு வேறு பெயர்.

ரோர்க்கின் குரு ஹென்றி கேமரன் நிஜத்தில் யார் என்று கேட்டிருந்தாய். வாழ்க்கைக்கோடு அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி சல்லிவனுடையது. செயின்ட் லூயிஸ் வெய்ன்ரைட் கட்டடத்தில் வானளாவிக்கு ஒரு முகம் கொடுத்தவர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சி முழுக்க ரோமானியத் தூண்களாக வெள்ளை வெளேரென்று எழுந்தது. எல்லாம் சணல்நார் கலந்த பிளாஸ்டர்தான், ஆனால் ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. சல்லிவனுக்கு வேலை குறைந்தது. 1924இல் வறுமையில் இறந்தார். நாவலில் இந்தப் பகுதியில் மிகை அதிகம் இல்லை.

இப்போது கோர்ட்லாண்ட். நாவலின் கேள்வி முழுவதும் அந்த ஒரு சைட்டில் இருக்கிறது. அரசுக் குடியிருப்பு. வேலை ரோர்க்கோடு படித்த ஆர்க்கிடெக்ட் பீட்டர் கீட்டிங் கையில், அவனால் முடியவில்லை. ரோர்க் போட்டுத் தருகிறான். பணம் வேண்டாம், பெயர் வேண்டாம், வரைந்தபடியே கட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கீட்டிங் அரசோடு போட்ட ஒப்பந்தத்திலும் அந்த நிபந்தனை இருக்கிறது. ஆனால் மீறியது அரசு, அதன் சம்மதம் இல்லாமல் அதன் மேல் வழக்குப் போட முடியாது. கீட்டிங்கோடு வேறு இரண்டு டிசைனர்கள் சேர்க்கப்படுகிறார்கள், ஆளாளுக்கு ஒன்றைக் கூட்டுகிறார்கள். அவ்வளவு நாளும் ரோர்க் எங்கே? பத்திரிகை முதலாளி வைனண்டின் சொகுசுக் கப்பலில், கடலில்.

படிக்கிறவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகிற இடம் இதுதான். கட்டடம் டிராயிங்கில் கெடுவதைவிட சைட்டில் கெடுவதுதான் அதிகம், அதுவும் யாரும் கெட்ட எண்ணத்தோடு கெடுப்பதில்லை. முதலில் 'சின்ன மாற்றம்தானே' என்று ஒன்று வரும். மலிவு வீட்டில் சின்ன மாற்றம் என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் செலவு குறைவதே ஒரே அளவு திரும்பத் திரும்ப வருவதால்தான். வீட்டுக்கு 3 அடிக்கு 10 அடியில் ஒரு பால்கனி சேர்க்கச் சொல், 400 வீட்டுக்கு 12,000 சதுர அடி ஸ்லாப் கூடிவிடும். அதற்குக் கம்பி, சென்ட்ரிங், கைப்பிடி, மழைநீர்க் குழாய். குளியலறைகள் மாடிக்கு மாடி ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும்வரை ஒரே செங்குத்துக் குழாய் போதும். ஒரு மாடியில் இரண்டடி நகர்த்தினால் கீழ்வீட்டுக் கூரைக்கடியில் குழாய் படுக்கையாக ஓடும், அங்கே ஒழுகும், அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங் வரும், உயரம் குறையும். கடைசியில் பட்ஜெட் கையைக் கடிக்கும்போது நல்ல ஜன்னலை வெட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு நியாயம் இருக்கும், கையெழுத்தும் இருக்கும். மொத்தத்துக்குப் பதில் சொல்ல மட்டும் ஆள் இருக்காது.

இதைத் தடுக்க எங்களிடம் இருப்பவை மூன்றே மூன்று. மாற்றம் எதுவானாலும் எழுத்தில், யார் கேட்டது, செலவு எவ்வளவு என்ற குறிப்போடு வர வேண்டும். எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ரிவிஷன் எண் இல்லாத டிராயிங் சைட்டில் இருக்கக்கூடாது. அப்புறம், ஸ்லாப் போடும் முன்பு கம்பியை ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ நேரில் பார்க்க வேண்டும். ரோர்க் பெயரை மறைத்ததால் இந்த மூன்றையும் இழந்தான். நிபந்தனை போட்டான், மேற்பார்வை செய்யும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. பிறகு அந்தக் கட்டடத்துக்கே டைனமைட் வைத்தான். ஜூரி அவனை விடுதலை செய்கிறது, என்ரைட் என்ற தொழிலதிபர் அந்த இடத்தை வாங்கி அவனை வைத்தே மறுபடி கட்டுகிறார். நாவலில் அது வெற்றி. சைட் கண்ணோடு பார்த்தால், ஆரம்பத்திலேயே தோற்றுப்போன ஏற்பாடு.

என் பெரிய குறை இது இல்லை. ரோர்க்கை எதிர்ப்பவர்கள் எல்லோரும் ரசனை இல்லாதவர்கள், கமிட்டிக்காரர்கள், பொறாமைக்காரர்கள், பத்திரிகையில் எழுதும் டூஹி மாதிரி விஷமிகள். அவனோடு மாறுபட்டு, அந்த மாறுபாட்டில் சரியாகவும் இருக்கிற ஒரு ஆள் எழுநூறு பக்கத்தில் இல்லை. 'சார், இது நிற்காது' என்று சொல்ல ஒருவரும் வருவதில்லை.

நிஜத்தில் வந்தார்கள். ரோர்க்கின் கட்டடப் பாணிக்குப் பின்னால் இருப்பவர் ஃப்ராங்க் லாயிட் ரைட் என்பது உனக்குத் தெரியும். பென்சில்வேனியாவில் அருவிக்கு மேல் அவர் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீடு, நாவலுக்கு ஆறேழு வருஷம் முந்தியது. வரவேற்பறைத் தளம் ஓடைக்கு மேல் ஏறக்குறைய 15 அடி கேன்டிலீவராக, அதாவது நுனியில் தாங்கல் இல்லாமல், நீள்கிறது. பிரதான பீம் ஒன்றுக்கு ஓர் அங்குலச் சதுரக் கம்பி 8 என்பது ரைட் அலுவலகக் கணக்கு. வீட்டுக்காரர் காஃப்மன் பயந்துபோய் பிட்ஸ்பர்க் இன்ஜினியர்களிடம் காட்டினார், அவர்கள் 16 ஆக்கிவிட்டார்கள். ரைட்டுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தன்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டு எழுதினார், சைட்டில் இருந்த தன் ஆளையும் திரும்ப அழைத்துக்கொண்டார்.

முட்டு எடுத்ததுமே தளம் இறங்கியது. இறங்கத்தான் செய்யும் என்று கணக்கு வைத்து சென்ட்ரிங்கைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்துப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. மேல்மாடி மொட்டைத் தளம் தானே தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தார்கள். அதன் பாரமும் ஜன்னல் சட்டங்கள் வழியாகக் கீழ்த்தளத்தின் நுனியில்தான் வந்து உட்கார்ந்தது. நீண்ட காலப் பாரத்தில் கான்கிரீட் மெல்ல மெல்ல நெகிழ்ந்துகொண்டே போகும். 1990களில் அளந்தபோது ஏறக்குறைய 7 அங்குலம் இறங்கியிருந்தது. முட்டுக் கொடுத்து நிறுத்தி, 2002இல் பீம்களின் பக்கவாட்டில் எஃகுக் கயிறு செலுத்தி இறுக்கினார்கள். தளத்தை நேராக்கவில்லை, மேற்கொண்டு இறங்காமல் பிடித்துக்கொண்டார்கள். அந்த 8 கம்பியோடு விட்டிருந்தால் வீடு இன்று இருந்திருக்குமா என்பதே சந்தேகம். அதே சமயம், இன்ஜினியர்கள் பேச்சை முழுக்கக் கேட்டிருந்தால் ஓடைக்கு மேல் வீடே வந்திருக்காது. இரண்டும் உண்மை. ராண்ட் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எழுதினார்.

நம் ஊர்ப்பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அதே ரைட்டிடம் டோக்கியோவில் வேலை பார்த்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே, புதுச்சேரி ஆசிரமத்து விடுதி, 1930களின் கடைசியில் ஆரம்பித்தது. ரேமண்ட் போன பிறகு அவர் அலுவலகத்து ஜார்ஜ் நகாஷிமாவும் ஆசிரமத்துக்காரர்களுமாகக் கட்டினார்கள். சுவர் முழுக்கத் திருப்பிவிடக்கூடிய பலகைச் சட்டங்கள், உள்ளே வழுக்கும் தேக்குக் கதவுகள், கான்கிரீட் ஸ்லாபுக்கு மேல் காற்று ஓட இடம் விட்டு வளைந்த கான்கிரீட் ஓடுகள். வரைந்தவர் இல்லாமல் பல கைகள் சேர்ந்து கட்டியது, ஆனாலும் ஓர் அங்குலம்கூட சமரசம் தெரியாது. பாண்டி போனால் அனுமதி வாங்கிப் பார்.

சட்டப்படி என்ன என்றும் யாராவது கேட்பார்கள். டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவல் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சிக் கூடத்தை 2017இல் இடித்தார்கள். அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். சொந்தக்காரர் தன் கட்டடத்தை இடிப்பதை ஆர்க்கிடெக்டின் உரிமையால் தடுக்க முடியாது என்று 2019இல் தீர்ப்பு வந்தது. ரோர்க் பக்கம் ஜூரி நின்றது, ரேவல் பக்கம் சட்டம் நிற்கவில்லை.

கதாநாயகி டாமினிக்கின் அறைக்குள் ரோர்க் இரவில் நுழையும் பகுதி பற்றிப் பெண் உறுப்பினர்கள் கேட்டால் மழுப்பாதே. அது பலவந்தம்தான், நாவலாசிரியர் அதைப் பெருமையாக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

எல்லோராலும் முழுசாகப் படிக்க முடியாது. கீட்டிங் பெயரில் உள்ள முதல் பாகத்தையும், நாலாம் பாகத்தில் கோர்ட்லாண்ட் வரும் அத்தியாயங்களையும் படித்துவிட்டு வரச் சொல். கோர்ட்டில் ரோர்க் பேசும் நீண்ட பேச்சை யாரும் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம், அரை மணி நேரம் போய்விடும். கீட்டிங்கை மட்டும் விட்டுவிடாதே. மற்றவர்கள் கருத்துக்குக் கைகால் முளைத்த மாதிரி நடமாடுகிறார்கள், அவன் ஒருவன்தான் நாம் ஆபீஸில் பார்த்த ஆள்.

ஃபாலிங்வாட்டரின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. போர்டில் ஒட்டுகிற அளவுக்குப் பெரிதாக நகலெடுத்துத் தபாலில் அனுப்பட்டுமா? கூட்டம் எந்தத் தேதி என்று எழுது.

அன்புடன்,
கணேசன்