வாசித்தவர்களின் பெயரையும் போடுங்கள்: இணைய இசைச் சேவை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இணையவழியே பாட்டைக் கைபேசியில் கொண்டுவந்து சேர்க்கும் நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்றுதான். 1960களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பதிவாகி இன்றும் உங்கள் சேவைகளில் ஓயாமல் ஒலிக்கின்ற சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் இசைவகை) பாடல்களில், வாத்தியம் வாசித்தவர்களின் பெயர்களையும் பாடியவர் பெயரோடு சேர்த்துப் போடுங்கள்.

இதை எழுதத் தூண்டியது 'மை கேர்ள்'. டெம்டேஷன்ஸ் குழு பாடி 1964 டிசம்பரில் வெளிவந்து, அடுத்த மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. எடுத்தவுடன், தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக நடைபோடுகிறது. அதன்மேல் கிட்டார் ஏறிவருகிறது. ச ரி க ப த ச என்று ஆறே சுரங்கள். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு மோகனத்தின் ஆரோகணம் என்று சட்டெனப் பிடிபட்டுவிடும். பிறகு சுத்த மத்தியமத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு அதே ஏணியில் இன்னொரு முறை ஏறுகிறது. பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே இது எந்தப் பாட்டு என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் கிட்டாரை வாசித்தவர் ராபர்ட் வைட். பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். டிரம்ஸ் பென்னி பெஞ்சமின்.

நான் பயன்படுத்தும் செயலியில் இந்தப் பாட்டின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். பாடிய குழுவின் பெயர் இருந்தது. எழுதித் தயாரித்தவர்களாக ஸ்மோக்கி ராபின்சன், ரொனால்ட் வைட் ஆகிய இருவரின் பெயர்கள் இருந்தன. அத்தோடு சரி. ரொனால்ட் வைட், மிராக்கிள்ஸ் குழுவின் பாடகர். அவர் பெயர் அங்கே இருப்பது முற்றிலும் நியாயம். ஆனால் கிட்டார் வாசித்த வைட் வேறொருவர் என்பதை அந்தப் பக்கத்தைப் பார்க்கும் ஒருவர் எப்படி அறிவார்? ராபர்ட் வைட் 1994இல் காலமானார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஓர் உணவகத்தில் அவர் உட்கார்ந்திருந்தபோது இதே பாட்டு ஒலித்ததாம். இதை வாசித்தது நான்தான் என்று பரிமாறுபவரிடம் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே விட்டுவிட்டாராம். உடனிருந்தவர் பின்னாளில் சொன்ன செய்தி இது. தாம் வாசித்த இசையைத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒரு கலைஞர் கூசிப் போகும்படி நேர்ந்ததே என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தப் பாட்டை வெளியிட்ட மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை பெரி கார்டி 1959இல் டெட்ராய்டில் தொடங்கினார். வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் இருந்த ஒரு சாதாரண வீடுதான் அதன் ஒலிப்பதிவுக் கூடம். மேலிருந்து கம்பிவடங்கள் தொங்கிய அந்தச் சிறிய அறையை வாத்தியக்காரர்கள் பாம்புக் குழி என்று அழைத்தார்கள். இரவில் டெட்ராய்டின் கிளப்புகளில் ஜாஸ் வாசித்துவிட்டு, கூப்பிட்ட நேரத்தில் இங்கே வந்து வாசித்துக் கொடுத்த இந்தக் கூட்டத்துக்குத்தான் ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர். ஜோ ஹண்டர், ஏர்ல் வான் டைக், எடி வில்லிஸ், ஜோ மெசினா, ஜாக் ஆஷ்ஃபோர்டு என்று அந்தப் பட்டியல் நீளும். பாடகர்கள் மாறினார்கள், குழுக்கள் மாறின. பின்னால் வாசித்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. வாசித்ததற்குக் கூலி கிடைத்தது; பாட்டு எத்தனை லட்சம் விற்றாலும் அதில் இவர்களுக்குப் பங்கு இல்லை, இசைத்தட்டின் உறையில் பெயரும் இல்லை. 1972இல் நிறுவனம் லாஸ் ஏஞ்சலிசுக்குக் குடிபெயர்ந்தபோது, கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது என்று அவர்கள் பின்னர் சொல்லியிருக்கிறார்கள்.

ஜேமர்சனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். வயலின் வடிவில் ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ் வாசித்து வளர்ந்தவர் அவர். ஃபெண்டர் பேஸ் கிட்டாருக்கு மாறிய பிறகும் வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினால் மட்டுமே மீட்டினார். அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று செல்லப்பெயர். கம்பிகளை அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். கம்பியில் படிந்த அழுக்கில்தான் நாதம் இருக்கிறது என்பது அவர் கொள்கை. அவருக்கு முன்பு, பாட்டின் அடியில் தாளத்துக்குத் துணையாக ஒரே இடத்தில் நின்று ஒலிப்பதுதான் பெரும்பாலும் பேஸின் வேலையாக இருந்தது. அவர் கையில் அது பாடகரோடு உரையாடும் இன்னொரு குரலாயிற்று. அடுத்த முறை ஒரு மோட்டவுன் பாட்டைக் கேட்கும்போது பாடகரை ஒரு நிமிடம் மறந்துவிட்டு அடிநாதத்தை மட்டும் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

1971இல் மோட்டவுன் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் அந்த நிறுவனம் முதன்முதலாக வாசித்தவர்களின் பெயர்களை உறையில் அச்சிட்டது. அதில் 'ஒப்பற்ற ஜேம்ஸ் ஜேமர்சன்' என்றே குறிப்பிட்டிருந்தார்கள். ஆயினும் 1983இல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா பசடீனாவில் நடந்தபோது, அவர் தாமே சீட்டு வாங்கிக்கொண்டு மாடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி, 47ஆம் வயதில் இறந்துபோனார். இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000இல். ஃபங்க் பிரதர்சுக்குக் கிராமி வாழ்நாள் சாதனை விருது 2004இல். இந்த மரியாதைகளைக் கண்ணால் காண அவர் இல்லை.

பின்குரல் பாடியவர்களையும் விட்டுவிடக் கூடாது. 1968இல் வெளிவந்த 'லவ் சைல்ட்' பாட்டின் உறையில் 'டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்' என்று மோட்டவுனின் பெண் பாடகர் குழுவின் பெயர் இருக்கிறது. ஆனால் அதில் பின்குரலாக ஒலிப்பவர்கள் சுப்ரீம்ஸ் அல்லர்; ஆண்டான்டிஸ் என்ற மூன்று பெண்கள். ஜாக்கி ஹிக்ஸ், மார்லின் பாரோ, லூவெய்ன் டெம்ப்ஸ் என்ற அந்தப் பெயர்களை எந்த உறையிலும் தேடியிராத நாமும் இதற்குக் கொஞ்சம் பொறுப்பாளிகள்தாம்.

பெயர் இல்லாததன் விளைவு மனவருத்தத்தோடு நிற்பதில்லை. அமெரிக்கச் சட்டப்படி, இணைய வானொலியும் செயற்கைக்கோள் வானொலியும் செலுத்தும் உரிமத்தொகையில் நூற்றுக்கு 50 பங்கு பதிவின் உரிமையாளருக்கும், 45 பங்கு முதன்மைக் கலைஞருக்கும், மீதி 5 பங்கு உடன் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் போகிறது. 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய பதிவுகளையும் 2018ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த 5 பங்கு உரியவரிடம் அல்லது அவருடைய பிள்ளைகளிடம் போய்ச் சேரவேண்டுமானால், யார் வாசித்தார் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். விரும்பிய பாட்டைக் கேட்பவரே தேர்ந்தெடுக்கும் உங்கள் சேவைக்கு இந்தப் பங்கீடு பொருந்தாது என்பதை அறிவேன். உங்களிடம் நான் கேட்பது பணம் அன்று, பெயரைக் குறித்து வைப்பது. ஆனால் உலகமே பார்க்கும் இடத்தில் நீங்கள் ஒரு பெயரை எழுதி வைத்தால், அதை ஆதாரமாகக் கொண்டு தேடுவோருக்கும் வழி பிறக்கும்.

எல்லாப் பாட்டுக்கும் உறுதியான ஆவணம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். யார் எந்தப் பதிவில் வாசித்தார் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் உறுதியாகத் தெரிந்தவையும் ஏராளமாக இருக்கின்றன. இசைக்கலைஞர் சங்கத்தின் பதிவுத் தாள்கள் இருக்கின்றன, கலைஞர்களே அளித்த நேர்காணல்கள் இருக்கின்றன, இதற்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். தெரிந்ததை எழுதுங்கள்; ஐயம் உள்ள இடத்தில் ஐயம் என்றே குறித்துவையுங்கள். திருத்தம் அனுப்புவதற்கு ஒரு வழியும், அனுப்பியவருக்குப் பதில் சொல்ல ஓர் ஆளும் இருக்கட்டும். வாத்தியத்தின் பெயரையும் கூடவே போடுங்கள். வெறும் பெயர்ப்பட்டியலைப் பார்த்து யார் எதை வாசித்தார் என்று ஒருவராலும் கண்டுகொள்ள முடியாது. ஒரு வாத்தியக்காரரின் பெயரைத் தட்டினால் அவர் வாசித்த மற்றப் பாடல்கள் வரிசையாக வரும்படி செய்யவும் வேண்டுகிறேன். பாடகர்களுக்கு இதை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், 'மை கேர்ள்' பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். ராபர்ட் வைட், கிட்டார். ஜேம்ஸ் ஜேமர்சன், பேஸ். பென்னி பெஞ்சமின், டிரம்ஸ். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சேவையில் நாள்தோறும் பாட்டுக் கேட்கும் ஒரு தமிழ் ரசிகன்