வாக்குத்தத்த அட்டைல வராத வசனங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல திருமண்டல (ஒரு பிஷப்புக்கு கீழ உள்ள சபைகள் எல்லாம் சேர்ந்தது) தேர்தல் தகராறு பத்தி செய்தி வந்தாலே எங்க தெருவுல அன்னிக்கு வேற பேச்சு கிடையாது, எந்த அணி எந்த கோர்ட்டுக்கு போச்சு, யாருக்கு ஸ்டே கிடைச்சுது, அதான் பேச்சு. பிஷப், ஐயர் (சபை போதகரை எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம்), கமிட்டின்னு எல்லாரும் இருந்தும் ரிட்டையர்டு நீதிபதிங்க வந்து சபை நிர்வாகத்தை பாத்துக்கிற நிலைமை வரைக்கும் போயாச்சு, அதுல யாருக்கும் பெருசா வெக்கம் இருக்குற மாதிரி தெரியல. ஆனா நான் எழுத வந்தது தேர்தலை பத்தி இல்ல, இந்த புத்தி எங்கருந்து வருதுங்கறத பத்தி.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் எங்க பக்கம் சபைகள்ல வாக்குத்தத்த அட்டை எடுப்போம், புது வருஷத்துக்கு கடவுள் தர்ற வாக்குன்னு ஆளுக்கொரு பைபிள் வசனம் அதுல இருக்கும். உன்னை ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், வாலாக்காமல் தலையாக்குவேன், எல்லாம் இந்த மாதிரி வசனம்தான். மத்தேயு 5ஆம் அதிகாரத்துல மலைமேல உக்காந்து இயேசு சொன்னாரே, அந்த பாக்கியவான்கள் வசனம் ஒண்ணாவது வந்து நான் பாத்ததில்ல. "துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள்"னு ஒரு அட்டை கையில வந்துச்சுன்னா அவ்வளவுதான், ஐயரே இத மாத்தி வேற குடுங்கன்னு அங்கேயே நிப்பாங்க. சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல அத்தனையும் மூச்சு விடாம ஒப்பிச்சு பரிசா டிபன் பாக்ஸ் வாங்கினவங்கதான் எல்லாரும்.

கடவுள் செஞ்ச நன்மைய சபை முன்னாடி எழும்பி சொல்ற சாட்சி நேரத்துலயும் இதே கதைதான். கர்த்தர் வீடு கட்ட உதவி செஞ்சார், பையனுக்கு கனடா விசா கிடைச்சுது, புது கார் வந்துச்சு. நன்றி சொல்றத நான் குறை சொல்லல, சொல்லட்டும். ஆனா இந்த வருஷம் வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணுக்கு சம்பளத்த கேக்குறதுக்கு முன்னாடியே குடுத்தேன், வட்டிக்கு வட்டி வாங்குறத விட்டுட்டேன், ஆறு வருஷமா பேசாத அண்ணன் வீட்டுக்கு போய் காப்பி குடிச்சேன்னு ஒருத்தராவது எழும்பி சாட்சி சொல்லக் கூடாதா? இயேசு சொன்ன பட்டியல்ல கார் இல்ல, இரக்கமுள்ளவர்கள், சாந்தகுணமுள்ளவர்கள், சமாதானம்பண்ணுகிறவர்கள்னு ஆளோட குணம்தான் இருக்கு. அந்த குணம் மைக் முன்னாடி வெளிய வராது, வேலி ஓரத்துலயும் கடைக்காரர் தராசுலயும்தான் தெரியும்.

இதுல இன்னொரு வேடிக்கை சொல்றேன். தென்னிந்திய திருச்சபை 1947 செப்டம்பர் 27ல உருவாச்சு, அதுக்கப்புறம் 1950ல வந்த திருவிருந்து (அப்பமும் ரசமும் வாங்குற) ஆராதனை முறைமைல ரொம்ப பழைய காலத்து வழக்கம் ஒண்ணை திரும்ப கொண்டு வந்தாங்க, அதான் சமாதானம் கொடுக்கிறது. பீடத்துல இருக்குற ஐயர்ட்டருந்து ஆரம்பிச்சு ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து அடுத்தவங்க கையை பிடிச்சு, பெஞ்ச் பெஞ்சா கடைசி ஆள் வரைக்கும் கைமாறி வரும். ரொம்ப அழகான முறைமை. ஆனா எங்க ஊர்ல பங்காளி சண்டை இருக்குறவங்க ரெண்டு பேரும் உள்ள வரும்போதே ஒருத்தரை ஒருத்தர் நோட்டம் விட்டுக்கிட்டு, அவர் மூணாவது பெஞ்ச்ல உக்காந்தா இவர் ஹார்மோனியத்துக்கு பக்கத்துல போய் உக்காருவார், கை அந்தப் பக்கம் போய்றக் கூடாதுன்னு அவ்வளவு ஜாக்கிரதை, அப்புறம் ரெண்டு பேரும் ஒரே பீடத்துல முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்கிட்டு வருவாங்க. காணிக்கைய பீடத்துகிட்ட வச்சுட்டு முதல்ல போய் சகோதரன்கூட ஒப்புரவாகுன்னு அதே 5ஆம் அதிகாரத்துலயே இருக்கு, தாண்டி போய்டுறோம்.

செய்றவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லணும். எங்க சேகரத்துல (ஒரு ஐயருக்கு கீழ உள்ள சபைகள்) பெண்கள் ஐக்கிய சங்கத்துல ஒரு அக்கா, கருப்பட்டி வியாபாரம், பெரிய படிப்பு எல்லாம் இல்ல. பனங்காட்டு எல்லை தகராறுல பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி ரெண்டு குடும்பம், தம்பி மகளுக்கு கல்யாணம் நிச்சயமாகி கோயில்ல முதல் ஓலை (கல்யாண அறிவிப்பு, மூணு தடவை வாசிப்பாங்க) வாசிச்சாச்சு, பெரியப்பா வீட்டுக்கு பத்திரிகை போகல. இந்த அக்கா கருப்பட்டி குடுக்கிற சாக்குல ரெண்டு வீட்டுக்கும் நடந்தாங்க. ரெண்டு பக்கமும் ஏச்சுதான், "உனக்கு எதுக்குட்டி ஊர் வம்பு, அவன்ட்ட எவ்வளவு வாங்குன"ன்னு கேட்டிருக்காங்க. திரும்பி வாசப்படில உக்காந்து தண்ணி வாங்கி குடிச்சிட்டு மறுநாளும் போயிருக்காங்க. மூணாவது ஓலை வாசிக்கிறதுக்குள்ள பத்திரிகை போச்சு, கல்யாணத்தன்னிக்கு பெரியப்பாதான் பந்தி விசாரிச்சார். எல்லை கேஸ் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, ஆனா வாய்தாவுக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போறாங்க.

சமாதானம் பண்றதுன்னா எல்லாத்தையும் விட்டுக்குடுத்து வாய மூடிக்கிட்டு இருக்கறதுன்னு சிலர் நினைக்கிறாங்க, அது சரியில்ல. 1999 ஜனவரில ஒடிசால மனோகர்பூர்ல குஷ்டரோகிகளுக்கு வேலை செஞ்ச ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவரோட பிலிப், திமோத்தின்னு ரெண்டு சின்னப் பையன்களையும் வண்டியோட எரிச்சுட்டாங்க. அவர் மனைவி கிளாடிஸ் மன்னிச்சுட்டேன்னு சொன்னாங்க, சொன்னதோட நிக்காம அதே ஒடிசால குஷ்டரோகிகளுக்கான வேலைய தொடர்ந்து பாத்தாங்க, 2005ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அதுக்காக கேஸ் நிக்கல, முக்கிய குற்றவாளி தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனைய 2011ல உச்சநீதிமன்றம் உறுதி பண்ணுச்சு. நீதியும் நடந்துச்சு, அவங்க மனசுல வன்மமும் இல்ல. நாம அரை சென்ட் நிலத்துக்கு மூணு தலைமுறை வன்மம் வச்சிருக்கோம்!

எளிமை பத்தி ஒரு வார்த்தை. சர்ச்ல ஃபேன் போட்டா றெக்கைல பேர், பெஞ்ச் போட்டா முதுகுல பேர், நன்றி சொல்ற ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துல ஒரு எலுமிச்சம்பழத்த ஆயிரக்கணக்குல எடுத்தா மைக்ல மூணு தடவை பேர். எங்க பக்கத்து டோனாவூர்ல அயர்லாந்துலருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் அம்பது வருஷம் அநாதைப் பிள்ளைகள வளர்த்தாங்க, 1951ல இறந்தப்ப கல்லறைல கல்லு வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. பிள்ளைங்க பறவைக்கு தண்ணி ஊத்துற தொட்டி ஒண்ணு வச்சு அதுல அம்மைன்னு மட்டும் எழுதினாங்க. அத போய் பாத்து செல்ஃபி எடுத்துட்டு வர்றோம், அடுத்த வாரம் ஏசி உபயத்துக்கு பேர் எந்த சைஸ்ல போடணும்னு கமிட்டில சண்டை.

உங்க பேப்பர் மூலமா சபை பெரியவங்ககிட்ட என்னோட கோரிக்கை ஒண்ணுதான். அடுத்த திருமண்டல தேர்தல்ல நாமினேஷன் ஃபார்ம்ல வயசு, திடப்படுத்தல் (சபைல முழு அங்கத்தினரா சேர்ற சடங்கு) தேதி, சந்தா பாக்கி எல்லாம் கேக்குறீங்க இல்ல, கூடவே இன்னொரு கட்டம் சேருங்க, கூடப் பிறந்தவங்களோட பேச்சுவார்த்தை உண்டா இல்லையா, அவங்க கையெழுத்தோட. எத்தனை ஃபார்ம் திரும்ப வருதுன்னு பாப்போம்.

இப்படிக்கு,
நாசரேத் பக்கத்துல இருந்து ஒரு ரிட்டையர்டு டீச்சர்