முதலில் கல்லூரிகள் தங்கள் மெயிலைத் திருத்தட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலி மெயிலை நம்பிக் கல்லூரி மாணவர்கள் பணத்தைப் பறிகொடுக்கும் செய்தி வரும்போதெல்லாம், 'மாணவர்களுக்கு விழிப்புணர்வு வேண்டும்' என்ற வரியோடு அது முடிந்துவிடுகிறது. விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் குறைவே இல்லை. பேனர் கட்டி, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, குரூப் போட்டோ எடுத்தால் வேலை முடிந்தது. கணினி அறிவியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது வேறு. மாணவர்களை ஏமாறப் பழக்குவதே கல்லூரிகள் அனுப்பும் மெயில்கள்தான்.

வழக்கமான கல்லூரி அறிவிப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். துறையின் பெயரில் யாரோ எப்போதோ தொடங்கிய ஜிமெயில் ஐடியிலிருந்து வரும். தலைப்பிலேயே 'மிக அவசரம்' என்று இருக்கும். இன்று மாலை 4 மணிக்குள் விவரங்களைப் பதிவு செய்யாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று மிரட்டும். லிங்க்கைச் சுருக்கிப் போட்டிருப்பார்கள்; அது எங்கே போகிறது என்று பார்த்தால் தெரியாது. திறந்தால் கூகுள் ஃபார்ம். அதில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், அப்பாவின் போன் நம்பர் எல்லாம் கேட்டிருப்பார்கள். அனுப்பியவர் பெயர்கூடக் கீழே இருக்காது. இத்தனைக்கும் அது உண்மையான மெயில்! மோசடிக்காரர் புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம், இதையே காப்பி அடித்தால் போதும். கேள்வி கேட்காமல் நிரப்பிக் கொடுக்கும் மாணவனை 'சின்சியர்' என்று பாராட்டுகிறோம். அதே மாணவன் போலி ஃபார்மையும் நிரப்பினால் அவனுக்கு அறிவில்லை என்கிறோம்.

ஸ்காலர்ஷிப் பெயரில் வருவதுதான் இதில் மோசமானது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் மாணவர்களின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. ஒரு மாதம் தாமதமானால்கூட ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான். அந்த நேரம் பார்த்து 'உங்கள் கணக்கு சரிபார்க்கப்படவில்லை' என்று மெயில் வந்தால் யார்தான் திறக்க மாட்டார்கள்? அப்புறம் போன் வரும், க்யூஆர் கோடு வரும், பணம் ஏற யுபிஐ பின் என்ற ரகசிய எண்ணைப் போடச் சொல்வார்கள். நமக்குப் பணம் வர அந்த ரகசிய எண்ணைப் போட வேண்டிய அவசியமே இல்லை, நம் கணக்கிலிருந்து பணம் போகத்தான் அது தேவை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது தெரிவதில்லை.

ஆசிரியர்களும் தப்புவதில்லை. முதல்வரின் பெயரும் படமும் போட்ட ஐடியிலிருந்து, 'மீட்டிங்கில் இருக்கிறேன், போன் பேச முடியாது, ஒரு அவசர உதவி' என்று வரும். பதில் போட்டால் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பச் சொல்வார்கள். முதல்வரின் படமும் எல்லோருடைய ஐடியும் எங்கே கிடைத்தன? நம் கல்லூரி இணையதளத்தில்தான்.

எழுத்துப் பிழை இருந்தால் போலி என்று இன்னும் கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கதை. ஏஐ வந்தபிறகு மோசடி மெயிலின் ஆங்கிலம் எங்கள் சர்க்குலரைவிட நன்றாக இருக்கிறது. பார்க்க வேண்டியது அனுப்பியவரின் முகவரியை. பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், அதன்மேல் தட்டி உண்மையான ஐடியைப் பார்க்க வேண்டும். லிங்க்கைத் திறக்காமல் அழுத்திப் பிடித்தால் போனிலேயே முழு முகவரி தெரியும். தபாலில் ஊரும் பின்கோடும் கடைசியில் இருப்பதுபோல, இணைய முகவரியிலும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) சற்று முன்னால் இருப்பதுதான் உண்மையான இடம். தொடக்கத்தில் கல்லூரிப் பெயர் இருந்தாலும் அந்த இடத்தில் வேறு ஏதாவது இருந்தால் அது கல்லூரி இல்லை. லாகின் பக்கத்தை மெயிலில் வந்த லிங்க் வழியாகத் திறக்காமல் நாமே டைப் செய்து போவது இன்னும் நல்லது.

ஆனால் முகவரி சரியாக இருந்தாலும் நம்பிவிட முடியாது. ஒரு மாணவரின் கணக்கு பறிபோனால் அதே உண்மையான ஐடியிலிருந்தே வகுப்பு முழுக்க அடுத்த மெயில் போகும். சந்தேகம் வந்தால் போன் செய்து கேட்பதுதான் வழி. அதுவும் மெயிலில் கொடுத்திருக்கும் நம்பருக்கு இல்லை, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு.

பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் அதை மாற்றினால் மட்டும் போதாது. எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாகவுட் செய்ய வேண்டும். மெயில்கள் வேறு ஐடிக்கு ஃபார்வேர்டு ஆகும்படி யாராவது செட்டிங்கை மாற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்ய வேண்டும். ஏமாந்து நாமே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால் வங்கிக்குச் சொல்லும்வரை போனது நம் நஷ்டம், சொன்னபிறகு போவது வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-இல் ஒரு சுற்றறிக்கையில் சொன்னது. மாணவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வீட்டில் அடி, துறையில் திட்டு என்று பயந்து ஒரு நாள் முழுக்க வாயைத் திறப்பதில்லை.

சரி, கல்லூரிகள் என்ன செய்யலாம்? டாட் ஏசி டாட் இன், டாட் இடியு டாட் இன் (.ac.in, .edu.in) என்று முடியும் இணைய முகவரிகளைக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே மத்திய அரசின் எர்நெட் இந்தியா நிறுவனம் கொடுக்கிறது. பல கல்லூரிகள் அதை வாங்கி இணையதளத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அறிவிப்பை ஜிமெயிலில் அனுப்புகின்றன. பணம் இல்லை என்று சொல்ல முடியாது. கல்வி நிறுவனங்களுக்கான கூகுளின் அடிப்படை மெயில் சேவை இலவசம். அந்த ஐடியைத் தவிர வேறு எதிலிருந்தும் அறிவிப்பு வராது என்று கல்லூரி ஒருமுறை சொல்லிவிட்டு, அதன்படி நடந்தாலே பாதித் தொல்லை தீரும். சுருக்கிய லிங்க் வேண்டாம். ஆதாரும் வங்கி விவரமும் கூகுள் ஃபார்மில் கேட்கவே கூடாது. பாஸ்வேர்டை அனுப்பாதீர்கள் என்று அந்த ஃபார்மின் அடியிலேயே கூகுள் எழுதி வைத்திருக்கிறது. ஏமாந்தவர் வந்து சொன்னால் திட்டாமல் கேட்க ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் பெயரும் அறை எண்ணும் நோட்டீஸ் போர்டில் இருக்கட்டும்.

உயர்கல்வித் துறையே இதை ஒரு சுற்றறிக்கையாக எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பலாம். முதலாமாண்டு சேர்க்கை நடக்கும் மாதங்களில்தான் புதிய பிள்ளைகளுக்கு எது கல்லூரி மெயில், எது போலி என்று சுத்தமாகத் தெரியாமல் இருக்கும். அதற்கு முன்பே அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.