கத்தரியின் பங்காளி வரப்பில்தான் நிற்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஒட்டுக்கத்தரி நாற்றுக் கட்டுரையைப் படித்தேன். மூன்று வருடமாகச் சுண்டை வேரில் ஒட்டிய கத்தரியைத்தான் போட்டுவருகிறேன். அதனால் பாராட்டோடு கொஞ்சம் குறையும் சொல்ல உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வாடல் நோய் பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. எங்கள் நிலத்தில் காலையில் நன்றாக நின்ற செடி மத்தியானம் பச்சையாகவே தலையைத் தொங்கப் போட்டுவிடும். வெயிலால் என்று நினைத்து முதலில் தண்ணீர் கட்டினோம். நோய் பக்கத்துப் பாத்திக்கும் போனதுதான் மிச்சம். பிறகு ஒரு வேளாண் அலுவலர் சொல்லிக்கொடுத்தார்: வாடிய செடியின் அடித்தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள், வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி இறங்கினால் அது பாக்டீரியா வாடல் என்று. இறங்கியது. மண்ணில் இருக்கும் அந்தக் கிருமிக்கும், வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் சுண்டை வேர் ஈடுகொடுக்கிறது. ஜப்பானில் பல பத்தாண்டுகளாகச் சுண்டையில் கத்தரியை ஒட்டி வளர்க்கிறார்கள். எங்களுக்கும் பலன் தெரிந்தது, மறுக்கவில்லை.

ஆனால் ஒட்டுச்செடி என்றால் எல்லா நோயும் போய்விடும் என்ற எண்ணத்தைக் கட்டுரை உண்டாக்கிவிடுகிறது. காய்ப்புழு போகவில்லை. வேர் சுண்டையாக இருந்தாலும் மேலே தண்டும் காயும் கத்தரிதானே! நுனிக்குருத்து வாடித் தொங்குவது, காயை அரிந்தால் உள்ளே புழு நெளிவது, எல்லாம் பழையபடிதான். வாடிய குருத்தைக் கிள்ளி அழிப்பதும் ஆண் பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் தொடர்கிறது. இந்தப் புழுவுக்காகக் கொண்டுவந்த, மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது. அந்த வழக்கை இங்கே கிளற விரும்பவில்லை. நாற்று வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளட்டும்: ஒட்டு இணைந்த இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். புதைத்து நட்டால் கத்தரியே வேர்விட்டு, கொடுத்த காசு வீண். கீழிருந்து கிளம்பும் சுண்டைத் துளிரையும் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் ஒரு வரிசையைக் கவனிக்காமல் விட்டு, அது காய்த்து, மோரில் ஊறி, வற்றலாகி வத்தக்குழம்புக்குப் போனது. நாற்று விலையை வைத்துக் கணக்குப் பார்த்தால், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை. கத்தரிக்குச் சுண்டைதான் நெருங்கிய சொந்தம் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அப்படி இல்லை. சுண்டையின் பூர்வீகமே வெப்பமண்டல அமெரிக்கா என்கிறார்கள் தாவரவியலார். ஒட்டினால் சேருமே தவிர, மகரந்தம் தூவிக் கலப்பது பெரும்பாடு. கரு முதிராமல் போகும். ஆய்வகத்தில் கருவை எடுத்து வளர்த்தாலும் கலப்புச்செடி பெரும்பாலும் மலடாகிவிடும். கத்தரியோடு எளிதாகக் கலந்து விதை பிடிக்கும் உண்மையான பங்காளி, வரப்பிலும் ரோட்டோரத்திலும் உடம்பெல்லாம் முள்ளாக நிற்கும் காட்டுக்கத்தரி. முள்ளுக்கத்தரி என்றும் சொல்வோம். கத்தரி பிறந்ததே இதிலிருந்துதான் என்பது இன்றைய ஆய்வாளர்கள் கருத்து. (புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் இலவம்பாடி முள்ளு கத்தரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது சாப்பாட்டுக் கத்தரி.) ஸ்பெயினில் வலென்சியாவில் இருக்கும் ஆய்வாளர்கள், இலங்கை, ஐவரி கோஸ்ட் ஆய்வாளர்களோடு சேர்ந்து வறட்சி தாங்கும் கத்தரிக்காக இதையும் வேறு காட்டினங்களையும் கலந்து பார்த்திருக்கிறார்கள். அதற்கு எடுத்த காட்டுக்கத்தரி விதை இலங்கையில் சேகரித்தது. கடலுக்கு அந்தப் பக்கம் விதை எடுக்கிறார்கள். இந்தப் பக்கம் நாம் களைக்கொல்லி அடிக்கிறோம்.

இந்தச் சொந்தபந்தம் நம் முன்னோர்களுக்குத் தெரியாததும் இல்லை. கத்தரிக்குப் பழைய பெயர் வழுதுணை. மருத்துவத்தில் சிறுபஞ்சமூலம் என்று சொல்லும் ஐந்து வேர்களில் ஒன்று சிறுவழுதுணை, இன்னொன்று கண்டங்கத்திரி. இரண்டு பெயரிலும் கத்தரி ஒளிந்திருக்கிறதா இல்லையா? சளி இருமலுக்குக் கண்டங்கத்திரியும் தூதுவளையும், வயிற்றுக்கோளாறுக்குச் சுண்டைவற்றல் சூரணமும் இன்றும் சித்த மருத்துவத்தில் இருப்பவை. தூதுவளை இலையில் முள்ளை நீக்கித் துவையல் அரைக்காத வீடு எங்கள் பக்கம் குறைவு.

வருத்தமும் அங்கேதான். இலையைப் பறித்தால் செடி தழைக்கும். மருந்துக்குக் கேட்பது வேரையும், சமூலம் என்று சொல்லும் வேரோடு கூடிய முழுச்செடியையும். கோணிப்பையோடு வருகிறவர்கள் கண்டங்கத்திரியைப் பழம் பழுக்கும் முன்பே வேரோடு பிடுங்கிப் போகிறார்கள். அவர்கள் கூலி அப்படி; அவர்களைத் திட்டி என்ன செய்ய? மிச்சத்தை நூறு நாள் வேலையிலோ ஜேசிபியிலோ வழித்துவிடுகிறோம். திருச்சூரில் தேசிய தாவர மரபு வளப் பணியகத்தின் கிளை இருக்கிறது, விதை அங்கே பத்திரமாக இருக்குமே என்பார்கள். பெட்டியில் இருக்கும் விதைக்கு எங்கள் ஊர் வெயிலும் புதுப் பூச்சியும் தெரியாது. வருடாவருடம் அதைத் தாங்கிப் பழகிக்கொண்டிருப்பது வரப்பில் நிற்கும் செடிதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சுண்டை, காட்டுக்கத்தரி, சிறுவழுதுணை, கண்டங்கத்திரி நான்கையும் இலை, பூ, பழத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தாவரவியல் படித்த ஒருவர் சரிபார்த்த வண்ணப்படமாக ஒரு பக்கம் வெளியிடுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. மருந்து என்று நினைத்து வேறு ஒன்றைக் கஷாயம் வைத்தால் விபரீதம்.

எங்கள் கிணற்றடியில் நான்கு காட்டுக்கத்தரி நிற்கின்றன. களை வெட்ட வருகிற அக்காமார் வெட்டிவிடாமல் இருக்க, பக்கத்தில் குச்சி ஊன்றிச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து இப்போது ஒருவரும் கிட்டே போவதில்லை.

இப்படிக்கு,
கத்தரி விவசாயி ஒருவர்,
ஒட்டன்சத்திரம் வட்டாரம்.