கரிசல் மண்ணில் டிராக் ஃப்ளிக் வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்திய ஹாக்கி ஏன் சரிந்தது என்று எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் போய்த்தான் நிற்கிறார்கள். உங்கள் இதழில் வந்த கட்டுரையும் அப்படியே. 1975-ல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற நாடு, மறு வருடமே செயற்கைத் தளத்தில் ஏழாவது இடம். உண்மைதான். அதற்காக, பிளாஸ்டிக் தரை வந்து நம் மணிக்கட்டு வித்தையைக் கொன்றுவிட்டது என்று இன்னமும் ஒப்பாரி வைக்க வேண்டுமா? 1980 மாஸ்கோவில் சென்னைக்காரர் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கியதும் செயற்கைத் தளத்தில்தானே. (பல நாடுகள் அந்த முறை வரவில்லை, அது வேறு கதை.)

என்னைக் கேட்டால், அந்தத் தளம் எத்தனை பிள்ளைகளின் காலுக்கு எட்டுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். மாரீஸ்வரன் சக்திவேலை இந்திய அணிக்கு அனுப்பிய ஊர் இது. ஊரில் செயற்கைத் தளம் உண்டு. சுற்றுவட்டாரப் பள்ளிகளில் மண்தரைதான். மண்ணில் பந்து எந்த நேரம் துள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் பையன் நிமிர்ந்து நின்று, மட்டையைச் செங்குத்தாகப் பிடித்துப் பந்தை நிறுத்தப் பழகுகிறான். செயற்கைத் தளத்திலோ பந்து தரையை ஒட்டி விர்ரென்று வரும். முழங்காலை மடக்கி, மட்டையைத் தரையோடு படுக்கவைத்து வாங்க வேண்டும். விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகிப் போகிற பையன் அதுவரை பழகியதை மறப்பதிலேயே முதல் வருடத்தைக் கழிக்கிறான்.

டிராக் ஃப்ளிக் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெனால்டி கார்னரில், அதாவது எதிரணி தன் கோலுக்கு அருகே தவறு செய்தால் கிடைக்கிற வாய்ப்பில், பந்தை மட்டையோடு ஒட்டவைத்து, தரையோடு இழுத்துக்கொண்டே வந்து, இடுப்பைத் திருப்பி வீச வேண்டும். கைதேர்ந்தவர் வீசினால் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டும். மண்ணில் இழுத்துப் பாருங்கள், பாதி வழியில் ஒரு சின்னக் கல் தட்டினால் போதும், பந்து ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம். மட்டையும் பழைய மர மட்டை இல்லை, கார்பன் இழை. மட்டைத் தண்டின் வில் போன்ற வளைவு அதிகமானால் ஃப்ளிக்கின் வேகம் எகிறும் என்பதால், 25 மி.மீ.க்கு மேல் வளைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.

அப்புறம் தண்ணீர். பெரிய போட்டிகளுக்கான தளத்தை நனைத்தால்தான் பந்து சீராக ஓடும், விழுந்தாலும் தோல் அவ்வளவாக உரியாது. ஆட்டத்துக்கு முன்பு பீய்ச்சி அடிப்பார்கள், இடைவேளையிலும் அடிப்பார்கள். குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கிற ஊரில் இதை எப்படிக் கேட்பது? நல்லவேளையாக, சர்வதேச ஹாக்கி சம்மேளனமே தண்ணீர் தேவைப்படாத தளங்களை நோக்கிப் போகிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் விரித்த தளத்தின் இழையில் பெரும்பகுதி கரும்பிலிருந்து வந்தது, அதற்குத் தண்ணீரும் குறைவு. அதே வகைத் தளத்தைச் சென்னை எழும்பூர் ஹாக்கி அரங்கில் 2023-லேயே போட்டுவிட்டோம். அந்த விஷயத்தில் அரசைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் போடுவதெல்லாம் ஸ்டேடியமாகவே இருக்க வேண்டுமா? முழு மைதானம் 91.4 மீட்டருக்கு 55 மீட்டர். அவ்வளவு வேண்டாம். ஒரு கோல் கம்பமும் அதன் முன்னால் ஒரு 'டி' வட்டமும் (கோல் அடிக்கப் பந்தை இதற்குள்ளிருந்துதான் அடிக்க வேண்டும்) கொள்ளுமளவுக்கு, நனைக்கத் தேவையில்லாத தளம், ஒன்றியத்துக்கு ஓர் அரசுப் பள்ளியில் போதும். புதிதாக வாங்கப் பணம் இல்லை என்றால் அதற்கும் வழி உண்டு. செயற்கைத் தளங்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கழற்றி மாற்றுகிறார்கள். சர்வதேசப் போட்டிக்குத் தேறாதது ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தாராளமாகத் தேறும். எழும்பூரில் கழற்றிய பழைய தளம் எங்கே போனது என்று உங்கள் நிருபர் யாராவது விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தூத்துக்குடி மாவட்டம்.