உங்கள் பால் பிஸ்கற்றில் கச்சான் படுகிறதா இல்லையா, பதில் சொல்லுங்கள்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். உங்கள் ஆட்களிடம் போனிலும் நேரிலும் அலைந்து களைத்துப்போய்த்தான் கடைசியில் கடிதம். இதையும் தயவுசெய்து "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று தள்ளிவிட வேண்டாம்.

விஷயம் அந்தப் பால் பிஸ்கற், சின்னப் பைக்கற், புது உறை. எது என்று உங்களுக்குத் தெரியும். என் மகனுக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, ஒவ்வாது. பழைய உறையில் வந்ததைச் சின்ன வயதில் இருந்தே சாப்பிட்டான், ஒன்றும் செய்யவில்லை. புது உறையில் வாங்கிய முதல் பைக்கற்றிலேயே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, இழுப்பும் வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் பிள்ளை ஒழுங்காக மூச்சு விட்டான். தணிந்தாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம் என்று இரவும் மறித்து வைத்தார்கள். பைக்கற்றில் உள்ள சேர்மானத்தை எழுத்து எழுத்தாக வாசித்துவிட்டேன். கச்சான் என்று எங்கேயும் இல்லை.

என் கேள்வி இதுதான். இந்தப் பிஸ்கற் ஓடும் லைனில் கச்சான் போட்ட பிஸ்கற்றும் ஓடுகிறதா? உறை மாறியபோது வேறு ஏதாவது மாறியதா? முன்னுக்கு ஓடிய மா மெஷினில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலே சில பிள்ளைகளுக்குப் போதும், போறணைச் சூட்டிலும் கச்சானின் புரதம் அழிந்துபோகாது. ஒரு சாதாரணத் தாயான எனக்கே தெரிந்த இது பிஸ்கற் செய்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? உலகம் முழுக்கப் பார்க்கிற கோடெக்ஸ் என்ற உணவுத் தர அமைப்பின் லேபிள் விதியிலேயே பால், முட்டை, மீன், கோதுமை போலக் கச்சானும் கட்டாயம் அறிவிக்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது.

இதைக் கேட்கத்தான் ஹொட்லைனுக்கு எடுத்தேன். தமிழுக்கு உள்ள இலக்கத்தை அழுத்தினால் பாட்டுத்தான் போகிறது. ஒருநாள் ஒரு தம்பி எடுத்தார். நான் சொல்லி முடிக்க முதலே, "அக்கா, ஆயிரம் பிள்ளையள் சாப்பிடுகினம், உங்கட பிள்ளைக்கு மட்டும் எப்பிடி? ஒத்துவராட்டி குடுக்காமல் விடுங்கோவன்" என்றார். பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. அந்தக் கோலைப் பதிவு செய்திருப்பீர்கள்தானே, நீங்களே போட்டுக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை மூச்சுக்கு அந்தரப்பட்டாலும் இப்படித்தான் சொல்வீர்களா? மன்னிக்க வேண்டும், எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. அதற்கு முதல் எடுத்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தார், ஆனால் அவரிடமும் பதில் இல்லை.

அப்புறம் சுன்னாக ஏஜென்ற். பைக்கற்றை நேரில் கொண்டுவந்தால்தான் முறைப்பாட்டை எடுப்போம் என்று நீங்கள் சொன்னதால், வேலைக்கு லீவு போட்டு, கொளுத்தும் வெயிலில் ஓட்டோ பிடித்துப் போனேன். சாப்பாட்டு நேரமாம், ஸ்ரோரைப் பூட்டிவிட்டார்கள். வெளியில் நின்று நின்று கடைசியில் ஒருவர் வந்து, பைக்கற்றைப் பார்க்காமலே, தொகுதி இலக்கத்தையும் எழுதாமலே, "கம்பனி தரச் சொன்னது" என்று ஒரு பெரிய பெட்டியை நீட்டினார். திறந்து பார்த்தால் உங்கள் பிஸ்கற்றுகள், அதில் கச்சான் கிறீம் பிஸ்கற்றும் இருக்கிறது! கச்சான் ஒவ்வாத பிள்ளைக்கு ஆறுதல் பரிசு. இதற்கு என்ன சொல்வது?

ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொல்லி முடித்துவிட்டேன், அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதைத்தான் நீங்கள் யாரும் கேட்கவில்லை. பிள்ளை இப்போது சோற்றுக்கும் பயப்படுகிறான். எது வைத்தாலும் "அம்மா, இதில கச்சான் இருக்கோ?" பிறந்தநாள் வீட்டில் கேக்கைத் தொடாமல் மூலையில் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் கச்சானைக் காட்டிப் பகிடிக்குத் துரத்துகிறார்களாம், ரீச்சர் இடைவேளைக்கு வகுப்பிலேயே தனியாக இருத்திவிடுகிறா. நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் வெளிவீதியில் வரிசையாகக் கச்சான் கடை, முன்பு கையைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுவான், இந்த முறை வரவே மாட்டேன் என்றுவிட்டான். 2003இல் இங்கிலாந்தில் வந்த ஆய்வொன்றில், இன்சுலின் போடுகிற பிள்ளைகளைவிடக் கச்சான் ஒவ்வாத பிள்ளைகளே சாப்பாட்டுக்கு அதிகம் பயப்பட்டார்களாம். முன்பு எனக்கு நம்பிக்கை வரவில்லை, இப்போது வீட்டில் பார்க்கிறேன். அவனுடைய பிள்ளைப்பருவத்தையே உங்கள் கம்பனி நாசமாக்கிவிட்டது, படிப்பும் போய்விட்டது. இதற்கு எந்தப் பெட்டி ஈடு?

எனக்குக் காசு வேண்டாம். லைன் பற்றிய பதில் எழுத்தில், உங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளரின் கையெழுத்தோடு வேண்டும். கச்சான் படுகிறது என்றால் அதைத் தமிழிலும் உறையில் பெரிதாகப் போடுங்கள், இந்த ஊரில் இதே ஒவ்வாமையோடு வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். போனில் பேசிய அந்தத் தம்பியும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நல்ல கம்பனி என்று நம்பித்தான் இத்தனை காலம் வாங்கினோம், அதனால் இன்னும் பணிவாகவே கேட்கிறேன். வருகிற வெள்ளிக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற போன் இலக்கத்தில் முறையிடுவேன், மிச்சப் பைக்கற்றை எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயாவிடம் கொடுப்பேன். பைக்கற்றை மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன், தொகுதி இலக்கம் தெளிவாகத் தெரிகிறது. நான்கு மணிக்குப் பிறகு எடுங்கள், தமிழ் தெரிந்த ஒருவர் எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், கோண்டாவில்